ஆடு தொடாத செடி

செடி விற்கிற தொழிலில், புதுச் செடி வாங்க வருகிறவர்களைவிட, வாங்கிப்போன செடி ஏன் செத்தது என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நீங்களும் ஒரு ரோஜாவையோ துளசியையோ தொட்டியில் வைத்துக் கண்ணெதிரே காய விட்டிருப்பீர்கள். ஆகவே என் பாடு உங்களுக்குப் புரியும். ஆனால் சாகாத செடியால் வருகிற தொல்லை என்று ஒன்று இருக்கிறது. அதைப் பட்டவர்கள் குறைவு. மத்தியானத்தில் சுவரைத் தொட்டால் கை சுடுகிற இந்தக் காஞ்சிபுரத்தில், மலைக்குளிரில் இருக்க வேண்டிய அசேலியாவை நிழல்வலை கட்டி வளர்க்கப் போய் நான் பட்டதைச் சொல்கிறேன்.

பச்சை வெளிச்சம்

வாலாஜாபாத்தில் அரிசி மில் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் நர்சரி வைத்தவன் நான். என் மனைவி மேரி இருந்தவரை செம்பருத்தி, ரோஜா, குரோட்டன்ஸ் என்று வெயிலில் நிற்பவற்றைத்தான் வளர்த்தோம். அவள் போன பிறகு எனக்கு வெயில் பிடிக்காமல் போயிற்று. நிழலில் எது வளரும் என்று தேட ஆரம்பித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் பார்த்தும், நிறையச் சாகக் கொடுத்தும் தெரிந்துகொண்டதுதான். அசேலியா குட்டைப் புதர். முழங்காலுக்கு மேல் வளராத வகையைத்தான் நான் வைத்தேன். வருஷம் முழுவதும் இலை பச்சையாகவே நிற்கும். குளிர் மாதங்களில் இலை தெரியாத அளவுக்குப் பூக்கும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அதற்கு ஆகாது. மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்ற வேண்டும். ஊட்டியிலிருந்து வரும் காய்கறி லாரியில் பைன் மர ஊசியிலைச் சருகு வரவழைத்து, வேர்மேல் மெத்தை மாதிரி பரப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு மார்கழியில் எல்லாப் புதரும் சேர்ந்து பூத்தன. முதலில் பார்க்க வந்தவர் பட்டுக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. வலைக்குள்ளே எப்போதும் ஒரு பச்சை வெளிச்சம் இருக்கும். தெருச் சத்தம் உள்ளே வரும்போதே பாதியாகிவிடும். கத்தரிப்பூ நிறத்திலும் வெள்ளையிலும் அத்தனை பூ. ஒரு ஈ இல்லை, வண்ணத்துப்பூச்சி இல்லை. அவர் ஒரு பூவின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு ஏனோ சட்டென்று பின்னால் நகர்ந்தார். ஒரு தொட்டியை மட்டும் காட்டி வேண்டும் என்றார். வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான் காரணம் சொன்னார்.

"வாசனை இல்ல, பூச்சி இல்ல, ஒரு சருகு உதிரல. இது பூத்துக்கினு இல்லண்ணா, நம்மளப் பாத்துக்கினு இருக்குது."

மருந்து அடித்த செடி

எங்கள் தெருவில் பூச்செடி வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் செடியில் ஒரு அட்டை தொங்கும்: 'மருந்து அடித்த செடி. பறிக்காதீர்.' ஒருவரும் மருந்து அடித்திருக்க மாட்டார்கள். காலை நடைக்குப் போகிறவர்கள் சாமிக்கென்று பை நிறையப் பறித்துக்கொண்டு போவதைத் தடுக்க வேறு வழி இல்லை, அவ்வளவுதான். அட்டை பொய் என்று பறிக்கிறவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எழுதியவருக்கும் தெரியும். நர்சரிக்காரன் என்பதால் என் வீட்டு அட்டை மட்டும் கொஞ்சம் பெரியது. உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

ஒருநாள் காலையில் என் வாசல் செம்பருத்தியில் ஒரு பெரியவர் அந்த அட்டையையே கையால் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த பூவை எட்டிப் பறித்துக்கொண்டிருந்தார். "படிக்கத் தெரியுமில்ல?" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. விரலில் ஒட்டிய மகரந்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இந்த அட்டையெல்லாம் நம்புனா, இந்த ஊரு சாமிங்களுக்கு ஒரு பூ கெடைக்காதுபா."

சுவருக்கு அந்தப் பக்கம்

நிழல்வலையின் வடக்குப் பக்கம் ஏகாம்பரத்தின் வீட்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறி. நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற சத்தமும் இழையை நெருக்கிப் பலகை அடிக்கிற சத்தமும் நாள் முழுக்கக் கேட்கும். அந்தத் தாளத்துக்கே நான் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துப் பழகிவிட்டேன். இரண்டு மழைக்காலமாக அதில் இருமலும் சேர்ந்துகொண்டது. தறி நிற்கும், இருமல் கேட்கும், மறுபடி தறி ஓடும். அவர் மனைவி கனகா மாலையில் என் வேலியோரம் வந்து ஆடாதோடை இலை பறித்துப் போவார். இருமலுக்கு நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வைக்கிற கஷாயம் அது. கண்டதையெல்லாம் மேய்கிற ஆடு அந்தக் கசப்பு இலையை மட்டும் தொடாது. ஆடு தொடாததால்தான் அது மனுஷருக்கு மருந்து என்பது கனகாவின் கணக்கு.

எல்லாப் புதரும் பூத்த அந்த மார்கழிக்கு அடுத்த வருஷம் ஏகாம்பரத்துக்கு அம்மன் புடவை நெய்யும் வேலை வந்தது. ஒரு குடும்பத்தார் தை வெள்ளிக்கு அம்மனுக்குச் சாத்துவதாக வேண்டிக்கொண்டு அவரிடம் சொல்லியிருந்தார்கள். சாமிக்கு நெய்யும்போது அவர்கள் வீட்டு வழக்கம் கடுமையானது. ஒருவேளைதான் சாப்பிட வேண்டும். வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தறியில் கட்டிய பாவு நூலில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் அந்தப் புடவை ஆகாது. நெய்கிறவரே எழுந்து வேறொருவரைத் தறியில் உட்கார வைத்துவிட வேண்டும். இருமலோ வாய்த்துணியையும் மீறி வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். புடவை முடியட்டும் என்றார். சுவரின் மேலாக அவர் தலையும் கழுத்தில் இறங்கிக் கிடந்த வாய்த்துணியும்தான் தெரிந்தன.

"மூச்சு நின்னாலும் பரவால்லபா, இருமல் நிக்கணும்."

கல்லறைத் திருநாள்

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் சாமந்தி மாலையும் ரோஜாவும் வாங்கிப் போவார்கள். அந்த வருஷம் மழையில் ஒரு அசேலியா முன்கூட்டியே பூத்துவிட்டது. மேரிக்கு அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை தொட்டியை எடுத்துவரப் போனால் கல்லறைத் தோட்டம் முழுக்க வெறும் நார்தான் கிடந்தது. இரும்புக் கதவைச் சாத்த மறந்திருக்கிறார்கள். பக்கத்துத் தெரு ஆடுகள் உள்ளே புகுந்து ஒரு கல்லறை விடாமல் மாலைகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. மேரியின் தொட்டி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு இதழ்கூடக் குறையவில்லை. சுற்றிலும் ஈரமண்ணில் குளம்புத் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. வட்டத்துக்குள்ளே ஒரு தடமும் இல்லை.

நான் வேடிக்கையாக நினைத்துக்கொண்டுதான் காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஆடுகளை விரட்டியவர் அவர்தானாம். விரட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார்.

"எல்லாத்தையும் மேஞ்சுட்டு உங்க வீட்டம்மாகிட்ட வந்துச்சிங்க. தலையக் குனிஞ்சிக்கினு நின்னுச்சிங்க. அப்புறம் திரும்பாம, அப்படியே பின்னாலயே போச்சிங்க, சார்."

திரும்பி வந்த தொட்டி

அந்த ஆட்டுக் கதையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இலை பறிக்க வந்த கனகாவிடமும் சொன்னேன். அவர் "அப்படியா!" என்று ரொம்ப நேரம் அசேலியாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

வாங்கிப்போய் ஒரு வருஷமான பிறகு, மார்கழிக் கடைசியில் அந்தப் பட்டுக்கடைப் பெண்மணி தொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். செடி நன்றாகத்தான் இருந்தது. முன்னைவிட அடர்த்தியாகக்கூட இருந்தது. நர்சரிக்குத் திரும்பி வருகிற செடி இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. ஜன்னலோரம் வைத்திருந்தாராம். பூவுக்குள் ஏறுகிற எறும்பு இறங்குவதில்லையாம். எப்போதாவது வந்த தேனீ ஜன்னல் கட்டையில் மல்லாந்து கிடந்ததாம். வீட்டுப் பூனை ஒரு இலையைக் கடித்துவிட்டு நாள் முழுக்கக் கண்ணைத் திறந்தபடியே படுத்துக் கிடந்து, பிறகு எழுந்து போய்விட்டதாம். அதன் பிறகு அந்த அறைக்குள் வருவதே இல்லையாம். வேறு செடி தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, போகும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அதும் பக்கத்துல எது வந்தாலும் படுத்துக்குது. நேத்திலேருந்து எங்க வீட்டுக்காரரும் அந்த ஜன்னல்கிட்டதான் பாய் போட்டுப் படுக்குறாரு."

உண்மை எழுதிய அட்டை

அன்றைக்கே போனை எடுத்துத் தேடிப் படித்தேன். எப்படி வளர்ப்பது என்று மட்டுமே இத்தனை நாளும் பார்த்து வந்திருக்கிறேன். இலை, பூ, தேன் எல்லாமே விஷம். தின்றால் நெஞ்சுத்துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். படித்துவிட்டு ஒரு புது அட்டை எழுதி வலையின் வாசலில் கட்டினேன்: 'இந்த இலை விஷம். தொடாதீர்கள்.' தெருவில் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் தெருவின் பொய்களிலேயே இது கொஞ்சம் புதுசு என்று நினைத்திருப்பார்கள்.

பொங்கல் முடிந்த கையோடு கால்வாய் தோண்டும் எந்திரம் தெருவுக்கு வந்தது. அது வேலியை வாரிக்கொண்டு போனபோது ஆடாதோடைப் புதரும் வேரோடு போய்விட்டது. மாலையில் கனகா வந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தை வெள்ளிக்கு நாள் நெருங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் அடங்கவே இல்லை. "நாளைக்குக் காலையில தாமல் ஏரிக்கரைக்குப் போயி ஒரு பை நெறயக் கொண்டாந்துடறேன்மா" என்றேன். அவர் கண் வலைக்குள்ளே போயிற்று. "இதையும் ஆடு தொடாதுன்னு நீதானேண்ணா சொன்னே?" என்று கேட்டார். இது நிஜமாகவே விஷம், நெஞ்சை நிறுத்திவிடும், கையாலும் தொடாதே என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். கனகா என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். முகத்தில் வருத்தம்தான் இருந்தது, பயம் இல்லை.

"நீயுமாண்ணா? ரெண்டு எலை குடுக்க மனசில்லன்னு சொல்லிட்டுப் போயேன். எங்ககிட்டப் போயி விஷம்னு சொல்லிக்கினு நிக்கிறியே."

சத்தம் குறைந்தது

மறுநாள் தாமலுக்குப் போய் ஆடாதோடை பறித்துக்கொண்டு மத்தியானத்துக்கு முன்பே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நேராகக் கனகா வீட்டுக்குத்தான் போயிருப்பேன். இலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கலாம் என்று முதலில் வலைக்குள் நுழைந்தேன். உள்ளே அதே பச்சை வெளிச்சம். இருமல் கேட்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டு தெளிப்பானைக் கையில் எடுத்தேன். கை தாளத்துக்கு வரவில்லை. முதலில் என்னவென்று தெரியவில்லை. பலகை ஒருமுறை அடித்தது. அடுத்த அடி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. வராது என்று நினைக்கும்போது வந்தது. அதற்கு அடுத்தது இன்னும் தள்ளி வந்தது. தறி நிற்கிறபோது எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும், ஒரேயடியாக நின்றுவிடும். இது நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இருந்த மௌனம் மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. அந்த மௌனத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரத்து அசேலியாவில் ஒரு பக்கம் கொழுந்துகள் இல்லை. நகத்தால் கிள்ளின தழும்பு ஈரமாக இருந்தது.

ஓடினேன். வாசலிலேயே கனகா சிரித்த முகமாக நின்றார். "இருமலே இல்லண்ணா, நீயே வந்து கேளு" என்றார். உள்ளே ஏகாம்பரம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் துணி கட்டியிருந்தது. கண் விரியத் திறந்திருந்தது, இமைக்கவில்லை. நெற்றி வியர்வையில் நனைந்து, தொட்டால் மண்பானையைத் தொட்டது போல் சில்லென்று இருந்தது. வலது கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கப் போய் வழியிலேயே நின்று, யாரோ ஞாபகப்படுத்தியது போல் மறுபடி நகர்ந்தது. பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். அவர் வாய்த்துணியை நிதானமாக இறக்கிவிட்டு, குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவது போல் பேசினார்.

"மெதுவாப் பேசுபா. தறிக்குப் பின்னாடி எல்லாரும் உக்காந்துக்கினு இருக்காங்க. இப்பத்தான் வந்தாங்க."

கொம்பு

ஆட்டோவில் அவரை நடுவில் உட்கார வைத்து நானும் கனகாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நான் மணிக்கட்டில் விரலை வைத்திருந்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன ஜெபத்தைச் சொல்லி முடித்துவிடலாம் போலிருந்தது. அவர் கால் மட்டும் ஆட்டோவின் தரையில் மிதிகட்டையை மிதிப்பது போல் மிதித்துக்கொண்டே வந்தது. கனகா கஷாயம் வைத்த பாத்திரத்தை முந்தானையில் மூடி மடியில் வைத்திருந்தார். "ஆடு தொடலன்னு சொன்னியேண்ணா, ஆடு தொடலன்னு சொன்னியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வரும்போது ஒடித்துக்கொண்டு வந்திருந்த அசேலியாக் கொம்பைக் கொடுத்து, பேரையும் படித்ததையும் சொன்னேன். நெஞ்சுத்துடிப்பைத் திரையில் பார்த்தார். யாருக்கோ போன் செய்து இரண்டு வார்த்தை பேசினார். மளமளவென்று ஊசி, சலைன் எல்லாம் ஆயிற்று. அந்தக் கை வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கொம்பைக் கட்டிலோரம் ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பூவும் இருந்தது. ஏகாம்பரம் தலையை அதன் பக்கம் திருப்பி, யாரோ பேசுவதைக் கேட்பது போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"அதை வெளியே எடுத்துட்டுப் போங்க. அது இங்க இருக்கிற வரைக்கும் இவர் என் பக்கம் திரும்ப மாட்டார்."

அந்த ஒரு முழம்

ஏகாம்பரம் பிழைத்துவிட்டார். சாயங்காலமே துடிப்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அந்த டாக்டரம்மா விடாமல் அவர் மார்பையும் சோதித்து, இருமலுக்கு மருந்தும் மூச்சோடு மருந்தை உறிஞ்சுகிற குழாயும் கொடுத்தனுப்பினார். முன்பே போயிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். இருமல் தணிந்தது. வாய்த்துணியைக் கட்டிக்கொண்டு அவர் மறுபடி தறியில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் புடவையைத் தறியிலிருந்து இறக்கிவிட்டு, சுவர் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

புடவையை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு இடத்தைக் காட்டினார். கஷாயம் குடித்த அன்று நெய்த இடம். நெய்கிறவன் உடம்பு துணியில் தெரிந்துவிடும் என்றார் அவர். காய்ச்சலோடு நெய்தது, சண்டை போட்டுவிட்டு வந்து நெய்தது, எல்லாமே தெரியுமாம். இருமி இருமி நெய்த இடங்களை எனக்கே விரலால் தடவிக் காட்டினார். இழை அங்கே லேசாக நெருங்கியும் விலகியும் இருந்தது. நினைவு தப்பி, ஒவ்வொரு அடியும் தள்ளித் தள்ளி விழுந்த அன்று நெய்தது கொசுவலை மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு முழம் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. முன்னாலும் பின்னாலும் அவர் நெய்ததைவிட நன்றாக இருந்தது. எச்சில் படவில்லை, இழை அறவில்லை. அம்மனுக்குக் கொடுக்கலாமா என்று அவர் என்னைக் கேட்டார். கொடுங்கள் என்றேன். கொடுத்தார். மறுநாள் அம்மன் அந்தப் புடவையைக் கட்டியிருந்ததாகத் தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முந்தின நாள் அதை மடித்துக்கொண்டே அவர் சொன்னது வேறு.

"அந்த ஒரு மொழம் நான் நெய்யலபா. உக்காந்திருந்தாங்களே, அவங்கள்ல யாரோ என் கைய வாங்கி நெய்ஞ்சிருக்காங்க."

கேட்டு வருகிறவர்கள்

யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் மேரி பேரையும் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. கனகாவோ எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மருந்தையும் குழாயையும் சொல்லாமல் விட்டுவிட்டு, கஷாயத்தால் இருமல் போனதையும் தறிக்குப் பின்னால் செத்துப்போனவர்கள் வந்து உட்கார்ந்ததையும் மட்டும் சொன்னார் போலிருக்கிறது. இருமுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களை அந்த டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட நினைத்தேன். எங்கே எறிவது? குப்பையில் மாடு மேய்கிறது, கால்வாய்த் தண்ணீர் ஏரிக்குப் போகிறது. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வலைக்கு ஒரு இரும்புக் கதவும் பூட்டும் போட்டேன். அது முழுக் காரணம் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

போன வாரம் திருப்புட்குழியிலிருந்து ஒரு அம்மா வந்தார். இருமல் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்கு வந்தவர் போல் வலைக்கு முன்னால் நின்றார். பிள்ளையைப் போன மழைக்காலத்தில் ஏரியில் பறிகொடுத்தவராம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அந்தக் கஷாயம் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்க் காட்டாது, நெஞ்சைத்தான் நிறுத்தும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பஸ் நிறுத்தம் வரை கூடவே போய், ஏற்றிவிடும்போது அவர் வீட்டு ஆளின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு எலை குடேன்பா. பொழைக்கிற அளவுக்குத்தான் குடிப்பேன். எம்புள்ள அங்க உக்காந்துக்கினு இருக்கானான்னு பாத்துட்டு வந்துடறேன்."

கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் வியாபாரம் என்பார்கள். நானோ கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே தினமும் காலையில் பூட்டைத் திறந்து, முதல் தண்ணீரை அந்தச் செடிகளுக்குத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.